அண்ணன் சொன்ன கடைசி வார்த்தை

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. வாக்குச் சீட்டில் அதைத்தான் அச்சடித்திருந்தார்கள். ஆனால் தொகுதிக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. பல் போன கிழவர்களுக்கும் அவள் தங்கச்சிதான், பள்ளிக்கூடம் போகிற வாண்டுகளுக்கும் தங்கச்சிதான். பாசம் பொங்கி வழிந்து அப்படிக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். செத்துப்போன அண்ணனுடைய தங்கச்சி என்பதைச் சுருக்கிச் சொன்னார்கள், அவ்வளவுதான். சட்டசபையில் இருந்தவர்களிலேயே வயதில் சின்னவள் அவள், முப்பதைத் தொடவில்லை. பத்திரிகைக்காரர்கள் இளம் உறுப்பினர் என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழே அண்ணனுடைய படத்தைப் பெரிதாகப் போட்டார்கள்.

அதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறை. சுவரோரம் இரண்டு இயந்திரங்கள், சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று, ரத்தம் எடுக்க அகலமான கைப்பிடி வைத்த நாற்காலி. காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவாள், விரலால் நரம்பைத் தடவிப் பார்ப்பாள், கையை மூடுங்க என்பாள், பிறகு திறங்க என்பாள். ஒரு நாளைக்கு அவள் பேசுகிற பேச்சில் பாதி இதுதான். ஊமைச்சி என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சர்க்கரை இருநூறு என்று வந்தால் இருநூறுதான். நோயாளி அழுதாலும் சரி, பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தாலும் சரி, அது நூற்றைம்பது ஆகாது.

அப்போது தொகுதிக்கு உறுப்பினராக இருந்த அண்ணன் இதற்கு நேர் எதிர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர்தான். தெருமுனையில் பேசினால் வீட்டுக்குள் கேட்கும் குரல். யார் வந்து எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்த்துக்கலாம்" என்பார். முடியாது என்ற சொல்லே அவர் வாயில் வராது. சொன்னதில் பாதி ஆகும், பாதி ஆகாது. ஆகாமல் போனதற்காக யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. அப்படிச் சிரிக்கிற மனிதரை எப்படிக் கோபித்துக்கொள்வது? அந்தத் தைரியம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அது அண்ணி.

அண்ணி பள்ளிச் சீருடை தைக்கிறவள். வீட்டு முன்னறைதான் அவளுடைய கடை. இந்தத் தடவையோடு போதும், அடுத்த தேர்தலில் நிற்கமாட்டேன் என்று அண்ணன் அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு கட்சியில் கேட்டார்கள். அவர்களிடமும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் செய்தி அண்ணிக்குக் காய்கறிக் கடையில், வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினாள். வேளைக்குச் சாப்பாடு வரும், சட்டை தேய்த்து மடித்து இருக்கும், பேச்சு மட்டும் கிடையாது. ஒரு நாள் காலை அவர் முன்னறை வாசலில் வந்து நின்று, கிளம்பறேன் என்றார். அண்ணி தலையைத் தூக்காமல் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து அறையில் தலை வாரிக்கொண்டிருந்த தங்கச்சிக்கு எல்லாம் கேட்டது.

அன்று மத்தியானம் ஒரு தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவில், வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் பேச்சின் நடுவிலேயே சரிந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது தங்கச்சி வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு. டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுக் கையை விரித்தார்கள். கூட வேலை பார்க்கிறவள் என்பதால் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். நர்ஸ் திரையை இழுத்து மூடிவிட்டு ஒதுங்கிப் போனாள். அண்ணன் வாயில் குழாய் இருந்தது. கண் மூடியிருந்தது. அந்தக் குரல் எங்கே போனதோ, மெஷின் மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. அவள் கையைப் பிடித்தாள். பழக்க தோஷம், விரல் தானாக நரம்பைத் தேடியது. நாடி நின்றதும் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அண்ணி கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு ஓடி வந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஏதாவது சொன்னாரா?"

"இல்ல அண்ணி. பேசுற நிலைமையிலயே இல்ல."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி எழுந்து நடமாடினாள். பேச முடிந்திருந்தால் தனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார், முடியாமல்தான் போய்விட்டார் என்று ஒரு நாள் துணி வெட்டிக்கொண்டே சொன்னாள். தங்கச்சியிடம் சொன்ன மாதிரி இல்லை. துணியிடம் சொன்ன மாதிரி இருந்தது.

துக்கம் விசாரிக்க வந்த கட்சிக்காரர்கள் இடைத்தேர்தல் கணக்கோடுதான் வந்தார்கள். முதலில் அண்ணியைக் கேட்டார்கள். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போதும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். எல்லார் பார்வையும் தங்கச்சி பக்கம் திரும்பியது. அவள் எவ்வளவோ மறுத்துப் பார்த்தாள். எனக்குப் பேசவே வராது என்றாள். அது இன்னும் நல்லது என்றார் கட்சித் தலைவர். படத்தில் இருக்கிற அண்ணன் பேசிக்கொள்வார், நீ பக்கத்தில் நின்று கையசைத்தால் போதும் என்றார். அண்ணனுக்காக என்று ஒப்புக்கொண்டாள். செத்தவரை எதிர்த்து யாரால் பிரசாரம் செய்ய முடியும்? எதிர்க்கட்சி வேட்பாளர்கூட மேடைக்கு மேடை அண்ணனைப் புகழ்ந்துவிட்டுத்தான் தனக்கு ஓட்டுக் கேட்டார். அண்ணன் உயிரோடு வாங்கியதைவிடச் செத்த பிறகு வாங்கிய ஓட்டு அதிகம்.

கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது உறுப்பினர் அலுவலகம். படிக்கட்டிலேயே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணனுடைய உதவியாளரே அவளுக்கும் உதவியாளர். எதைச் சொன்னாலும் சரிங்க என்பார், அதனால் ஊரில் அவர் பெயரே சரிங்க. மேசைக்குப் பின்னால் அண்ணனுடைய நாற்காலி கிடந்தது, அவர் சாய்ந்து சாய்ந்து முதுகுப் பக்கம் பள்ளம் விழுந்த நாற்காலி. தங்கச்சி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். வருகிறவர்கள் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, தங்கள் கஷ்டத்தைக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்வார்கள். ஒரு நாள் துணிந்து அதில் உட்கார்ந்து பார்த்தாள். வந்த பெண் ஒருத்தி வாசலிலேயே நின்று விசும்பி விசும்பி அழுதாள். தங்கச்சி எழுந்து பழைய இடத்துக்கே போய்விட்டாள்.

வருகிறவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றையேதான் சொன்னார்கள்: அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தாருங்க. கொடுத்தாரா இல்லையா என்று யாரைப் போய்க் கேட்பது? அவர் கொடுத்திருக்கக்கூடிய ஆள்தான். ஆகவே தங்கச்சி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். அதிகாரிகள் டீ கொடுத்தார்கள், ஆவன செய்வதாகச் சொன்னார்கள், அவள் தலை மறைந்ததும் மறந்தார்கள். ஒரு சாலை வளைவில் உடைந்து கிடந்தது. அதற்காக நடையாய் நடந்தும் பொறியாளர் அசையவில்லை. அப்போதுதான் சரிங்க தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். இது அண்ணனுடைய ஆசை என்று சொல்லிப் பாருங்க என்றார்.

சொன்னாள். பொறியாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். ஒரு வாரத்தில் சாலை போட்டார்கள். அந்தச் சாலையைப் பற்றி அண்ணன் வீட்டில் புலம்பியது உண்மை, அதனால் அவளுக்கு உறுத்தவில்லை. அடுத்தது பேருந்து நிலையத்துக்கு விளக்கு. அதைப் பற்றி அவர் பேசினாரா என்று நிச்சயமாகத் தெரியாது. பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்தது பெண்கள் விடுதிக்குக் கழிப்பறை. அண்ணனுக்கு அப்படி ஒரு விடுதி இருப்பதே தெரியாது. அதையும் அவர் ஆசை என்று சொன்னாள், நா கூசவில்லை. உயிரோடிருந்தபோது பார்த்ததைவிடச் செத்த பிறகு அண்ணன் அதிகம் வேலை பார்த்தார். தொகுதியில் பாதி வேலைகள் அவர் போன பிறகு அவர் சொல்லி நடந்தவை.

ஆனால் இரவல் வாங்கிய குரல் சும்மா இருப்பதில்லை. ஒரு சாயங்காலம் வீட்டில் போனில் யாருக்கோ "ஆகட்டும், பார்த்துக்கலாம்" என்றாள். அவள் அப்படிச் சொல்கிறவளே இல்லை. சமையலறையில் பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அண்ணி வாசலுக்கு வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள், அவளைப் பார்க்கவில்லை. திரும்பிச் சமையலறைக்கே போனாள். அதற்குப் பிறகு தங்கச்சி வீட்டில் குரலைத் தாழ்த்தியே பேசினாள்.

இந்த நிலைமையில்தான் வார்டு விஷயம் வந்தது. தொகுதியின் கடைக்கோடியில், மலைக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் ஒரு பிரசவ வார்டு. சுவரெல்லாம் ஈரம், கட்டில்களுக்கு நடுவே திரை கிடையாது, ஆனால் அங்கே பிள்ளை பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதை மூடிவிட்டுப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. அங்கிருந்த தலைமை நர்ஸ் ஒரு கண்டிப்பான பெண்மணி, யாருக்கும் நாற்காலி போடமாட்டார். அவர் தங்கச்சியைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய்க் காட்டினார். போன மழையில் மலைப்பாதை அடைபட்டபோது ஒரு பெண் லாரியிலேயே பெற்றாள், அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை என்றார். இதை மூடினால் இனிமேல் எல்லாரும் லாரியில்தான் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் தங்கச்சி மலைப்பாதையின் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். உறுப்பினரான பிறகு முதல் தடவையாக அவளே ஒன்றை விரும்பினாள். யாரும் கேட்டதில்லை, அண்ணன் வாக்குக் கொடுத்ததாக யாரும் சொன்னதில்லை. அந்த வார்டை மூட விடக்கூடாது என்று அவளே முடிவு பண்ணினாள்.

ஆகவே இதில் அண்ணனை இழுப்பதில்லை என்றும் முடிவு பண்ணினாள். பரிசோதனைக் கூடத்துப் பெண்ணாக உட்கார்ந்து விவரம் சேர்த்தாள். எந்த மாதத்தில் எத்தனை பிரசவம், ரத்தம் தேவைப்பட்டது எத்தனை பேருக்கு, பாதை அடைபட்டது எத்தனை நாள் என்று எல்லாம் அவளிடம் இருந்தது. மனப்பாடம் செய்துகொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாள்.

சபையில் அவளுக்கு இடம் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில். சாப்பாட்டு வேளை முடிந்த நேரம். குளிரூட்டிய மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணை மூடி ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார்கள், சிலர் குறட்டையோடு சிந்தித்தார்கள். சபாநாயகர் அவளை அழைத்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒவ்வொரு விவரமாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பில்லை. ஒருவரும் நிமிரவில்லை. சுகாதார அமைச்சர் பக்கத்தில் இருந்தவரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். லாரியில் பிறந்த பிள்ளையைச் சொன்னபோதுகூடத் திரும்பவில்லை. சபாநாயகர் மணியை அடித்தார், நேரம் முடிகிறது என்றார். அவளுக்கு, இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்ததெல்லாம் இந்தக் கம்பளத்தில் சிந்திப் போகிறதே என்று இருந்தது. மணி மறுபடி அடித்தது.

"என் அண்ணன் கடைசியா என்கிட்ட பேசினது இதைப் பத்திதான்" என்றாள்.

அமைச்சர் திரும்பினார். அவரும் அண்ணனும் ஒரே காலத்தில் சபைக்கு வந்து, ஒரே விடுதி அறையில் தங்கியவர்கள். சபாநாயகரின் கை மணியிலேயே நின்றது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை யாரோ இடித்து எழுப்பினார்கள். இனி எப்படி நிறுத்துவது? ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன் என்றாள். அது உண்மை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றாள். அதுவும் உண்மை. பிறகு அண்ணன் கண்ணைத் திறந்தார், அந்த வார்டை மூட விட்டுடாதே என்றார், அதோடு பேச்சு நின்றுவிட்டது என்றாள்.

அமைச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து, வார்டு மூடப்படாது, புதுப்பிக்கப்படும், அதற்கு அண்ணனுடைய பெயரே வைக்கப்படும் என்று தழுதழுத்த குரலில் அறிவித்தார். எதிர்க்கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள். சாயங்காலம் எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான். வாழ்த்துச் சொல்லி ஊரே போன் பண்ணியது. அண்ணி பண்ணவில்லை.

மறுநாள் மத்தியானம் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் மெஷின் ஓடவில்லை. அண்ணி அதன் முன்னால் உட்கார்ந்து, தப்பாகத் தைத்த ஒரு சட்டைக் கையை ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, பேசினாரு" என்றாள்.

தங்கச்சி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பேசவில்லை என்றாள். குழாய் இருந்தது, கண்ணே திறக்கவில்லை, சபையில் சொன்னது கட்டுக்கதை, வார்டைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று படபடவென்று கொட்டினாள். அண்ணி பிரிப்பதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலும் தாங்கியிருப்பாள். இரக்கத்தோடு பார்த்தாள்.

"நீ பாவாடை சட்டையில இருக்கும்போது இந்த வீட்டுக்கு வந்தவ நான். உனக்குப் பொய் சொல்ல வராது. அத்தனை பேர் முன்னாடி, சபையில, அவர் பேரைச் சொல்லி நீ பொய் சொல்லுவியா?"

"சொன்னேன் அண்ணி."

"இப்பதான் சொல்றே. எனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் அதனாலதான் மறைச்சே. பேசினாரு, ஆனா என்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசலைன்னு எப்படி வாய் விட்டுச் சொல்லுவே நீ?"

ஒரு வருடமாகத் தங்கச்சி சொன்ன பொய்யை எல்லாம் ஊரே நம்பியது. ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வந்தாள், அதை நம்ப ஒரே ஒரு ஆள்கூட இல்லை.

அன்றிலிருந்து அண்ணி அவளை நீங்க என்று கூப்பிட ஆரம்பித்தாள். சாப்பிட வாங்க, தண்ணி வேணுமா, துணி தேய்ச்சு வைக்கவா. வேளைக்குச் சாப்பாடு வந்தது. மெஷின் சத்தம் மட்டும் நின்றுபோனது. அறுந்த நூலும் வெட்டிய துணியும் அப்படியே கிடந்தன. பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து கேட்டுப் பார்த்துவிட்டு வேறு தையற்கடைக்குப் போனார்கள். அண்ணி பகலெல்லாம் ஒரு நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது. தங்கச்சி அலுவலகத்திலிருந்து வந்ததும் முதலில் பார்ப்பது அந்த நாற்காலியைத்தான், அண்ணி அதில் இருக்கிறாளா என்று. சில நாள் கதவருகே நின்று மூச்சு விடுகிறாளா என்றும் கவனித்தாள்.

சாட்சிக்கு ஆள் தேடினாள். அன்று இருந்த நர்ஸ், திரையை மூடிய பிறகு நடந்தது எனக்குத் தெரியாது என்று கையை விரித்தாள். சரிங்கவை வீட்டுக்கு அழைத்து வந்து, நம்ம வேலை நடக்கிற விதத்தை அண்ணியிடம் நீங்களே சொல்லுங்க என்றாள். அவர் சரிங்க என்றார். அண்ணி முன்னால் போய் நின்றதும் கண் கலங்கி, அண்ணன் அந்த வார்டைப் பற்றித் தன்னிடமே ஒரு தடவை காரில் சொன்ன ஞாபகம் இருக்கிறது என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. அந்தக் கண்டிப்பான தலைமை நர்ஸுக்கும் வந்திருந்தது. அண்ணன் ஒரு நாள் கட்டில் கட்டிலாக நின்று பார்த்தார் என்று அவர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தொகுதியில் ஒவ்வொருவராக ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். அண்ணன் அந்த மலைப்பக்கம் ஓட்டுக் கேட்கக்கூடப் போனதில்லை என்பது தங்கச்சி ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. சில சமயம் அவளுக்கே அது சந்தேகமாக இருந்தது.

வார்டு திறப்பு விழாவன்று காலை அண்ணியை அழைத்துப் போகக் கார் வந்து நின்றது. அண்ணி கலைந்த தலையோடு அதே நாற்காலியில் இருந்தாள். வரவில்லை என்றாள்.

"கடைசி மூச்சுல அவருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துச்சு, கட்டில் ஞாபகம் வந்துச்சு. என் ஞாபகம் வரல. நான் எதுக்குங்க அங்க?"

தங்கச்சி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். அமைச்சருக்கு இப்போதே பேசுகிறேன், உங்க காது கேட்க நடந்ததைச் சொல்கிறேன், அப்போதாவது நம்புவீங்களா என்று கேட்டாள். சொன்னால் பதவி போகும், வார்டும் போகும். போனால் போகட்டும் என்ற இடத்துக்கு வந்திருந்தாள். அண்ணி எட்டி அந்தப் போனைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்காக ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க போய் அதையும் இதையும் சொல்லி, அவங்க மூடிட்டா? எத்தனை பொம்பளைங்க ரோட்டுல கிடந்து பெத்துக்கறது? அவர் கடைசியா கேட்டது அது ஒண்ணுதான். அதையாவது கெடுக்காம விடுங்க."

அந்த வழியும் அடைபட்டது. அடைத்தது அண்ணியுடைய நல்ல மனது. வெளியே கார் ஹாரன் அடித்தது. தங்கச்சி அண்ணியின் கையைப் பார்த்தாள். நரம்பு புடைத்து, தோல் தொங்கிப் போயிருந்தது. இந்தப் பெண் இப்படியே உட்கார்ந்து செத்துப் போவாள் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு எதைச் சொல்வது? அவளிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான், அதில் அவளுக்கு நல்ல பழக்கம் வேறு இருந்தது.

"உங்களைப் பத்தியும் சொன்னாரு அண்ணி."

அண்ணி மடியில் இருந்த போனைத் தரையில் வைத்தாள்.

"'அவ மேல எனக்குக் கோபமே இல்லைன்னு சொல்லு'ன்னாரு. வார்டைப் பத்தி அப்புறம்தான் சொன்னாரு. முதல்ல சொன்னது உங்களைத்தான்."

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"அன்னைக்குக் காலையில நீங்க பேசாம இருந்ததை ஞாபகப்படுத்திடுமேன்னு எனக்குத் தைரியம் வரல. சபையில சொல்ற விஷயமும் இல்ல அது."

எவ்வளவு லாவகமாக வந்தது பதில். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றால்கூட அப்படி வந்திருக்காது. அண்ணி நம்பினாள். உண்மையைச் சொன்னபோது குறுக்கு விசாரணை செய்தவள் இதற்கு இமைக்கக்கூட இல்லை. முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள், அழுகையின் நடுவே சிரித்தாள். பைத்தியக்காரி, முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்னடி என்று அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். தங்கச்சிக்கு அந்த டி போட்ட வார்த்தையைக் கேட்டு அழுகை வந்தது.

அண்ணி எழுந்து முகம் கழுவி, நல்ல உடை உடுத்திக் காரில் ஏறினாள். விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெண் தன் பிஞ்சுக் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். அமைச்சர் திரையை இழுத்ததும் அண்ணன் பெயர் பெரிய எழுத்தில் தெரிந்தது. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வார்டு நிஜம், கட்டில்கள் நிஜம், அந்தக் குழந்தையும் நிஜம். தங்கச்சியை இதற்காகத் திட்டுகிறவர்கள் மலைப்பாதையில் ஒரு தடவை போய் வந்துவிட்டுத் திட்டட்டும்.

அதன் பிறகு அவள் பொதுத்தேர்தலிலும் நின்று ஜெயித்தாள். சபையில் முன்வரிசைக்கு வந்துவிட்டாள், அவள் எழுந்தால் யாரும் தூங்குவதில்லை. வீட்டில் மெஷின் மறுபடி ஓடுகிறது. சில சாயங்காலங்களில் அண்ணி வேலையை நிறுத்திவிட்டு, அன்னைக்கு என்ன சொன்னார், இன்னொரு தடவை சொல்லுடி என்பாள். தங்கச்சி சொல்வாள். எப்படிச் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார், சொல்லும்போது கையை அழுத்தினாரா என்று அண்ணி கேட்டுக்கொண்டே போவாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். ஆமாம், லேசாக அழுத்தினார். சிரித்த மாதிரிகூட இருந்தது. அண்ணி கேட்கக் கேட்க அந்தத் திரைக்குள் வெளிச்சம் கூடிக்கொண்டு வந்தது.

தங்கச்சிக்குப் பயம் வந்தது அப்புறம்தான். ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, உண்மையில் அண்ணன் அன்று கிடந்த கிடையை நினைத்துப் பார்க்க முயன்றாள். வாயில் இருந்த குழாயை நினைத்தாள், வரவில்லை. மெஷினின் மூச்சுச் சத்தத்தை நினைத்தாள், அதுவும் வரவில்லை. அண்ணன் கண்ணைத் திறந்து, அவள் கையை அழுத்தி, அவ மேல எனக்குக் கோபமே இல்லை என்றார். அவரோடு அவளுக்கு நிஜமாக இருந்தது அந்தக் கடைசி நிமிஷம் ஒன்றுதான், அதையும் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள். அன்று அவர் எப்படித்தான் இருந்தார் என்று கேட்கலாம் என்றால், அந்தத் திரைக்குள் வேறு யாரும் இருக்கவில்லை.